எண் தாவினால் லென்ஸ் போச்சா?

கொங்கு வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது படமெடுப்பவருக்கு நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. சொந்தபந்தத்துக்குப் பின்னால் நின்றபடி, 70-லிருந்து 300 மி.மீ. வரை போகும் பழைய ஜூம் லென்ஸில்தான் சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரரின் கையை எட்டிப் பிடிக்க வேண்டும். 70-ல் இருக்கும்போது கேமராவில் எஃப்/4 என்று தெரிந்த அப்பர்ச்சர், 300-க்குப் போனதும் எஃப்/5.6 ஆகிவிடுகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் 4. செகண்ட்ஸில் வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த லென்ஸில் கோளாறே இல்லை. குவியத் தூரத்தை, லென்ஸின் முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 70 மி.மீ.யில் எஃப்/4 கிடைக்கப் பதினேழரை மி.மீ. துளை போதும். 300-லும் அதே எஃப்/4 வேண்டுமானால் 75 மி.மீ. துளை வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தால் எடையும் விலையும் எங்கேயோ போய்விடும் என்பதால், விலை குறைந்த ஜூம்களை 5.6-ல் நிறுத்திக்கொள்கிறார்கள். லென்ஸின் முகப்பில் 1:4-5.6 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். ஆனால் 4-லிருந்து 5.6-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிவிடும். மேனுவலில் எடுப்பவரின் படம் இருண்டுபோகும். தொடக்கத்திலேயே 5.6 அல்லது 8 என்று வைத்துவிட்டால் போதும். அப்பர்ச்சரைக் கேமரா பாடியிலிருந்தே மாற்றும் லென்ஸ்களில், எங்கே ஜூம் செய்தாலும் எண் அசையாது.

எட்டில் வைத்தும் எண் தாவினால்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மவுண்ட். பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே தகவல் போய்வருவது அங்குள்ள சின்னஞ்சிறு கான்டாக்ட்கள் வழியாகத்தான். வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளை மழைக்காலத்தில் படமெடுத்துத் திரும்பிய லென்ஸில், ஈரமும் அழுக்கும் சேர்ந்து அந்தக் கான்டாக்ட்கள்மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும். நிக்கானில் எண் மறைந்து, எஃப் எழுத்தும் இரண்டு கோடுகளும் தெரியும். கேனானில் எர்ரர் 01 வரும். பாடியை அணைத்து, லென்ஸைக் கழற்றி, சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் முலாமே போய்விடும். மாட்டிய லென்ஸை லேசாக அசைக்கும்போது எண் மாறினால், மவுண்ட் தளர்ந்திருக்கிறது.

அப்பர்ச்சர் வளையம் உள்ள நிக்கான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் இன்னொரு சங்கதி. வளையத்தை மிகச் சிறிய துளைக்கு, பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் எழுதிய 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டு நழுவினால் எஃப்.இ.இ. என்று மின்னும். சிப் இல்லாத, 1977 முதல் வந்த ஏ.ஐ. வகை மேனுவல் ஜூம்களை டி7000 போன்ற பாடியில் மாட்டினால், குவியத் தூரத்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் மெனுவில் கையால் பதிய வேண்டும். ஜூமுக்கும் ஒரே எண்ணைத்தான் பதிய முடியும் என்பதால் திரையில் தெரிவது கொஞ்சம் முன்பின் இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே மீட்டர் அளப்பதால், படத்துக்குப் பாதகமில்லை.

திரையில் எண் சரியாக இருந்தும் ஒரு படம் வெளுத்து, அடுத்தது சரியாக வருவதுதான் உண்மையான நோய். ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த லென்ஸில், ஃபோகஸ் மரையிலுள்ள கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து அப்பர்ச்சர் இலைகளில் படியும். பழைய நிக்கான் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் உள்ள லீவரைத் தட்டிவிட்டால், இலைகள் சட்டென்று விரிந்து சுருங்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய்தான் காரணம். கேனான் இ.எஃப். லென்ஸ்களில் லீவர் கிடையாது. உள்ளே இருக்கும் மோட்டார்தான் இலைகளை இயக்குகிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபிளெக்ஸ் கேபிள், ஜூம் செய்யும்போதெல்லாம் மடங்கி மடங்கி விரிசல் விடும். 17-85 மி.மீ. லென்ஸ் இதற்குப் பேர்போனது. அப்பர்ச்சரை 8 என்று வைத்து, ஜூமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை அழுத்த வேண்டும். குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டும் எர்ரர் வந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் கோவைக்காரர்களின் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். லேத்துப் பட்டறைகளின் ஊர். சினிமா கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவியைக்கூட உருவாக்கிய ஜி.டி.நாயுடுவின் ஊர். ஆனாலும் ஜூம் லென்ஸை வீட்டில் பிரிக்காமல் இருப்பதே நல்லது. கண்ணாடித் தொகுதி இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். எத்தனை மி.மீ.யில், எந்த எஃப் எண்ணில், என்ன எர்ரர் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் ரிப்பேர் செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ரிப்பேருக்குச் சிக்காத ரகமும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கேனானுக்கென்று சிக்மா செய்த சில லென்ஸ்கள் டிஜிட்டல் பாடியில் துளையைச் சுருக்கச் சொன்னாலே எர்ரர் காட்டி நின்றுவிடும். அவற்றில் இலையும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளிருக்கும் சிப்புக்குப் புதிய பாடி சொல்வது புரிவதில்லை. முழுத் துளையில் மட்டும் வைத்து எடுத்தால் அவை இன்றும் ஒழுங்காக வேலை செய்யும். செகண்ட்ஸில் வாங்கப் போகிறவர்கள் தங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய், எஃப்/8-ல் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.