எட்டு மெகாபைட்டில் ஒரு வாத்தியக் குழு

பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் கிரிவலம் போகிறவர்களின் காதில் கடைக்குக் கடை ஒரு பக்திப்பாட்டு விழும். தபேலா, புல்லாங்குழல், சிதார், பின்னணியில் வயலின் கூட்டம். 1990-களில் பதிவான இந்த மாதிரிப் பாட்டுகள் பலவற்றுக்கு அத்தனை கலைஞர்களும் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. கீபோர்டு கலைஞர் ஒருவரே எல்லாவற்றையும் வாசித்துவிடுவார். தமிழ்த் திரையிசையில் 1986-இலேயே, 'புன்னகை மன்னன்' படத்தில், இளையராஜா கம்ப்யூட்டர் வழி இசையமைத்துக் காட்டிவிட்டார். அடுத்த பத்தாண்டில் அந்த வசதி சிறிய ஸ்டூடியோக்களுக்கும் வந்து சேர்ந்தது.

அப்படி வந்தவற்றில் ஒன்று, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஜேவி-1080. அதற்குக் கட்டைகளே கிடையாது. தட்டையான பெட்டி, தனிக் கீபோர்டை மிடி கேபிளில் இணைத்து வாசிக்க வேண்டும். (மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி.) மூடியைக் கழற்றினால் உள்ளே நான்கு இடங்கள் காலியாக இருக்கும். அவற்றில் செருகுவதுதான் விரிவாக்க அட்டை, அதாவது புதிய ஒலிகளைச் சுமந்து வரும் சர்க்யூட் போர்டு. எஸ்ஆர்-ஜேவி80 என்ற அந்த வரிசையில் பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா, உலக வாத்தியங்கள், ஆசியா, லத்தீன் என்று 1 முதல் 19 வரை எண்ணிட்ட அட்டைகள் வந்தன. இன்று பழைய சரக்காகத்தான் கிடைக்கின்றன. சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஓர் அட்டையின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்றைய செல்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது சரியாகிவிடும். சி.டி. தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறோம். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். அந்தக் கணக்குப்படி 8 மெகாபைட்டில் ஏறக்குறைய 95 நொடி ஒலிதான் அடங்கும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு வாத்தியக் குழுவையே எப்படி உட்கார வைத்தார்கள்?

முதல் உத்தி, லூப். புல்லாங்குழல் ஊதும்போது அடையாளம் தருவது தொடக்கம்: காற்று துளையில் மோதும் அந்தச் சீறல். அதன் பிறகு ஒலி பெரும்பாலும் ஒரே அலையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. எனவே தொடக்கத்தை முழுதாகப் பதிந்துகொண்டு, நிலைத்த பகுதியில் சில அலைகளை மட்டும் வெட்டி, கட்டையை அழுத்தியிருக்கும் வரை சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடுகிறார்கள். நொடிக்கு 440 முறை அதிரும் சுரத்தில் ஓர் அலைக்கு ஏறத்தாழ 100 அளவுகள், அதாவது 200 பைட் போதும். வெட்டும் இடம் ஓர் அளவு பிசகினாலும் 'டிக் டிக்' என்று கேட்கும். பொருத்து தெரியாமல் வெட்டுவது கைத்தேர்ச்சி. ஒவ்வோர் அட்டையிலும் அந்த உழைப்பு நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது உத்தி, கழித்தல். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் பெரும்பாலும் நெருங்கியே இருக்கும். முழு எண்ணுக்குப் பதில் முந்தையதிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எழுதினால் இடம் மிச்சம்.

மூன்றாவது, கலவை. அட்டையில் உறங்கும் மூல ஒலிக்கு அலைவடிவம் என்று பெயர். ஜேவி-1080 நான்கு அலைவடிவங்கள் வரை அடுக்கி, ஒவ்வொன்றின் கூர்மையையும் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியே மாற்றி ஒரே ஒலியாக்கும். அந்தச் சேர்மானக் குறிப்பே பேட்ச். இதற்கு ஒரு விலை உண்டு: பெட்டியால் ஒரே நேரத்தில் 64 குரல்கள்தான் எழுப்ப முடியும். நான்கடுக்கு பேட்ச் என்றால் 16 சுரங்களோடு தீர்ந்தது.

இத்தனைக்கும் அட்டைக்கு பேட்டரி தேவையில்லை. ஒலி 'மாஸ்க் ரோம்' சில்லில் இருக்கிறது. தொழிற்சாலையில் சில்லு உருவாகும்போதே தகவலும் அதன் அமைப்பில் பதிந்துவிடுகிறது. மின்சாரம் இல்லாமல் முப்பது ஆண்டு அலமாரியில் கிடந்தாலும் அழியாது. நாம் உருவாக்கிச் சேமித்த பேட்சுகளோ பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரியின் தயவில் வாழ்கின்றன. பழைய பெட்டி வாங்கியதும் அதை மாற்றிவிட வேண்டும்.

நம் இசைக்கு ஒரு சிக்கல் உண்டு. அட்டையில் இருப்பது ஒற்றைச் சுரம். நம் ராகங்களின் உயிரோ சுரங்களுக்கு இடையில் ஓடும் கமகம். வழி, கீபோர்டின் இடக்கைப் பக்கம் இருக்கும் பிட்ச் பெண்ட் நெம்புகோலில் இருக்கிறது. சுரத்தை வளைக்க மிடி மொழி 16,384 படிகள் தருகிறது. காதால் பிரித்தறிய முடியாத நுணுக்கம் அது. கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் கே. சத்யநாராயணனின் இடக்கையைக் கவனித்துப் பாருங்கள். கமகம் அங்கேதான் பிறக்கிறது.

எந்த அட்டையை வாங்குவது? முதலில் உங்கள் பெட்டியைப் பாருங்கள். ஜேவி-80-இல் ஓரிடம், ஜேவி-2080-இல் எட்டு. அதே நிறுவனத்தின் எக்ஸ்பி-30-க்குள் ஆர்க்கெஸ்ட்ரா, செஷன், டெக்னோ மூன்றும் முன்பே இருக்கின்றன. அவற்றை மறுபடி வாங்குவது வீண் செலவு. பின்னால் வந்த எஸ்ஆர்எக்ஸ் அட்டைகள் ஜேவி பெட்டிகளில் பொருந்தவே பொருந்தா. நம் ஊர்ப் பாட்டுக்கு என் தேர்வு 14-ஆம் எண், 'ஆசியா'. அடுத்து திரையிசை வயலின்களுக்காக 2-ஆம் எண், 'ஆர்க்கெஸ்ட்ரா'. பொருத்தும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உடலின் நிலைமின்சாரம் இறங்க ஏதேனும் உலோகத்தைத் தொடுங்கள்.

விற்பவர் பேட்சுகளின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் விலை பேசுவார். நீங்கள் அலைவடிவப் பட்டியலைக் கேளுங்கள். பேட்சை நீங்களே எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அட்டையில் இல்லாத அலைவடிவத்தை எந்த பேட்சும் தராது.