அம்மாகிட்ட கேட்டீங்களா... அந்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு?

(பசங்களும் படிக்கலாம், தப்பே இல்ல!)

மங்கலம்பேட்டையில பஸ் ஏறி விருத்தாசலம் காலேஜுக்குப் போறவங்களா நீங்க? அப்போ பீங்கான் ஜாடி உங்களுக்குப் புதுசு இல்ல. சின்ன ஜாடி ஒண்ணைக் கவிழ்த்துப் பிடிங்க. கர்ப்பப்பை ஏறக்குறைய அந்த ஷேப்தான்! நீளம் சுமார் 7.5 செ.மீ. முன்னால மூத்திரப்பை, பின்னால மலக்குடல், நடுவுல இது.

ஜாடியோட ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி கருக்குழாய்கள். அதன் முனைக்குப் பக்கத்துல, பாதாம் பருப்பு சைஸ்ல சினைப்பைகள். பிறக்கும்போதே ஒரு பெண்ணுக்கு 10 லட்சத்துக்கும் மேல முட்டைகள் இருக்கும். ஆயுசு முழுக்க வெளியே வர்றது சுமார் 400தான்!

மாசா மாசம் என்ன நடக்குது?

ஒரு முட்டை கருக்குழாய்க்குள்ள வரும். விந்தணுவோடு சேர்ந்தா, கரு உருவாகறது அங்கேதான். அது வந்து தங்க, கர்ப்பப்பை உள்ளே மெத்தை விரிச்சு வைக்கும். கரு வரலைன்னா மெத்தை கரைஞ்சு வெளியேறும். அதுதான் பீரியட்ஸ். 'கெட்ட ரத்தம்'னு யார் சொன்னாலும் நம்பாதீங்க! வலியில காலேஜுக்கே போக முடியலையா? மூணு மாசமா வரலையா? 'கல்யாணம் ஆனா சரியாயிடும்'ங்கறது வைத்தியம் இல்ல. டாக்டரைப் பாருங்க.

கழுத்தைக் கவனிங்க!

ஜாடிக்குக் கழுத்து இருக்குல்ல? அந்த இடம்தான் கர்ப்பப்பை வாய். கீழே பிறப்புறுப்புப் பாதையில திறக்கும். ஹெச்.பி.வி. வைரஸால புற்றுநோய் வர்றது இங்கேதான். ஆரம்பத்துல வலியே தெரியாது.

இதுக்கு ஒரு சிம்பிள் டெஸ்ட் இருக்கு. வினிகர்ல இருக்கற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து அங்கே தடவுவாங்க. கோளாறான இடம் வெள்ளையாத் தெரியும். சில நிமிஷ வேலைதான்!

நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ம் ஆண்டு தொடங்கின ஆய்வுல, 30 முதல் 59 வயசு வரை 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த டெஸ்ட் எடுத்தாங்க. அதுவும் ஒரே ஒரு தடவை. 2007-ல ரிசல்ட் வெளியானது. டெஸ்ட் வசதி தந்த ஊர்கள்ல, இந்தப் புற்றுநோயால ஏற்பட்ட சாவு மத்த ஊர்களைவிட 35 சதவிகிதம் குறைவு!

இப்போ அரசு ஆஸ்பத்திரிகள்ல 30 வயசு தாண்டினவங்களுக்கு இந்த டெஸ்ட் இலவசம். உங்க வயசுக்குத் தடுப்பூசியே இருக்கு. அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

"அங்கெல்லாம் காட்டுறதா? வெட்கமா இருக்குடி"ன்னு அம்மா நழுவுவாங்க. விடாதீங்க! இந்த ஜாடி கதையைச் சொல்லி, கையோட கூட்டிட்டுப் போங்க. நீங்க முதல்ல குடியிருந்த வீடாச்சே அது!