காலி செய்த அறைக்கு வாடகை உண்டா?

முன்பணமாக முழு வாடகையையும் செலுத்தி, விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபின் அறை தங்கத்தக்கதாக இல்லையென்று கண்டு வெளியேறும் பயணிக்கு, தங்காத இரவுகளுக்கான பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி எந்தச் சுற்றுலாத் தலத்திலும் எழக்கூடியதே. ஆயினும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அது கூடுதல் கூர்மை பெறுகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அறை பிடிக்காதவர் இரவோடிரவாக மலையிறங்கி வீடு திரும்பிவிடலாம். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல்தாண்டி வந்து, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி, 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டபின்னும் பலர் ஹேவ்லாக் என்றே சொல்லும் தீவில் பிற்பகலில் இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த கப்பல் மறுநாள்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பக்கத்து விடுதிகளும் நிரம்பியிருக்கும். இந்த நெருக்கடியில் தவறான அறையைச் சகித்துக்கொள்பவரே மிகுதி என்பதால், சட்டம் தரும் உரிமை பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது.

வெளியேறும் பயணியிடம் விடுதியார் முதலில் எடுத்துக் காட்டுவது, முன்பதிவை ரத்து செய்தால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற நிபந்தனையை. ஆனால் அந்த நிபந்தனை, சொந்தக் காரணத்தால் வராமல் போனவருக்கோ மனம் மாறியவருக்கோ உரியது. வாக்களித்தபடி அறை தரப்படாததால் வெளியேறுபவர் ரத்து செய்பவர் அல்லர். ஒப்பந்தத்தை மீறியவர் விடுதியாரே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ பேணப்பட வேண்டிய தரத்திலும் தன்மையிலும் முறையிலும் காணப்படும் பிழையும் போதாமையும் இதில் அடங்கும். நுகர்வோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். இந்த வேறுபாட்டை விளக்காமல், அறை பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர், தம் வழக்கைத் தாமே ரத்து நிபந்தனைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்.

அதே சட்டம், குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். இணையச் சந்தை வழியாக முன்பதிவு செய்தவருக்கு, 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் மேலும் ஒரு பிடிமானத்தைத் தருகின்றன. விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மைகள் சேவையில் இல்லாதபோது, விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக்கூடாது என்று அவை கூறுகின்றன. விவரணைகளும் படங்களும் உண்மைத் தோற்றத்துக்கு ஒத்தவையாக இருக்குமென்று விற்பவரிடம் உறுதிமொழி பெறுவது இணையச் சந்தை நிறுவனத்தின் கடமை. அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்தியாவில் பதிவு பெறாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்பனை செய்யும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

எது குறைபாடு என்பதில்தான் தீவுகளின் இயல்பு குறுக்கிடுகிறது. இரு பருவமழைகளையும் பெற்று ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நிலத்தில் சுவர் ஓதம் ஏறுவதும், உப்புக்காற்றில் குழாய்களும் சன்னல் கொக்கிகளும் துருப்பிடிப்பதும் வியப்புக்குரியவை அல்ல. மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தே வருகிறது. தனிக்காரி அணையை நம்பியிருக்கும் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர்) கோடையில் தண்ணீர் முறைவைத்து விடப்படுவது ஊரறிந்த செய்தி. அவ்வப்போது மின்சாரம் தடைபடுவதையோ குளியலறைச் சுவரோரம் ஊர்ந்துவரும் நண்டையோ காட்டி முழுப் பணத்தையும் கேட்பவரின் வழக்கு நிற்பது கடினம். மாறாக, 24 மணி நேரமும் ஜெனரேட்டர் உண்டு என்று எழுதிவிட்டு இரவு முழுவதும் அதை நிறுத்திவைப்பது, ஏ.சி. அறைக்கு வாடகை வாங்கிக்கொண்டு பழுதான ஏ.சி.யைத் தருவது, கடலைப் பார்த்த குடில் என்று படம் போட்டுவிட்டுப் பின்புறச் சமையற்கட்டை ஒட்டிய அறையைத் திறந்துவிடுவது, மூட்டைப்பூச்சி நெளியும் மெத்தை, தாழ்ப்பாள் இல்லாத கதவு ஆகியவை தீவின் இயற்கையால் வருவன அல்ல. வாடகையின் உயரமும் இங்கே கணக்கில் வரும். ஆயிரம் ரூபாய் அறையில் பொறுத்துக்கொள்ளத்தக்க ஓதத்தை எட்டாயிரம் ரூபாய் அறையில் பொறுக்கச் சொல்வதில் நியாயமில்லை.

குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது என்பதால், அறையில் கழியும் முதல் ஒரு மணி நேரம் வழக்கின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. கதவிலுள்ள அறை எண்ணில் தொடங்கி, ரிமோட்டில் 18 டிகிரி காட்டியும் காற்று குளிராத ஏ.சி.யையும், திறந்துவிட்டும் சொட்டாத குழாயையும், மெத்தையின் தையலோரத்தையும் இடையில் வெட்டாமல் ஒரே காணொலியாக எடுத்து வைப்பது, தனித்தனிப் புகைப்படங்களைவிட வலுவானது. பிறகு வரவேற்பு மேசையில் வாய்மொழியாகச் சொன்னதையே விடுதிக்கும் முன்பதிவுத் தளத்துக்கும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி, வேறு அறை தரவோ பழுதை நீக்கவோ குறிப்பிட்ட நேரம் கொடுத்து, அதற்குள் சரிசெய்யப்படாவிட்டால் வெளியேறுவதாக அறிவிக்க வேண்டும். திருத்திக்கொள்ள வாய்ப்பே தராமல் வெளியேறியவர் என்ற எதிர்வாதத்தை இந்த ஒரு செய்தி அடைத்துவிடும். சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்படும் முன்னர், ஹேவ்லாக்கிலிருந்து ஒரு படத்தை அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. இன்று அந்தச் சாக்கு இரு தரப்புக்கும் இல்லை. முன்பதிவுப் பக்கத்தின் படத்தையும் அப்போதே சேமித்துவைப்பது நல்லது, ஏனெனில் புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்தின் வாசகங்கள் திருத்தப்படலாம்.

விடுதியார் தரப்பில் மிக வலுவாகத் தோன்றும் வாதம், பருவகாலத்தில் ஓர் அறை காலியானால் தமக்கு நட்டம் என்பது. உண்மையில் இந்த வாதம் பருவகாலத்தில்தான் மிகவும் பலவீனமானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் எவ்வளவு தண்டத்தொகை எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெற முடியும் என்கிறது. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விளக்கியது. ஏலத்தில் 3.12 கோடி ரூபாய்க்குப் போன மனையின் முன்பணமான 78 லட்சத்தை ஆணையம் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பின்னர் 11.78 கோடிக்கு விற்றிருந்தது. இழப்பு எதுவும் நேராதபோது பறிமுதலுக்கு இடமில்லை என்று நீதிமன்றம் கூறிப் பணத்தைத் திருப்பித் தரச் செய்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் காலையில் காலியான அறையை மாலையில் ஜெட்டியிலிருந்து வரும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, முதலாமவரின் பணத்தையும் வைத்துக்கொள்ளும் விடுதி ஒரே இரவுக்கு இரண்டு வாடகை வாங்குகிறது. ஆகவே, வெளியேறியவர் அந்த அறை அன்றே மீண்டும் இணையத்தில் விற்பனைக்கு வந்ததா என்று பார்த்து அந்தப் பக்கத்தையும் பதிவுசெய்து வைப்பது வீண் வேலையன்று.

சென்னை, மதுரையிலிருந்து செல்வோர் பலர் விடுதிக்கு நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. விமானம், கப்பல், அறை, கார் அனைத்தும் சேர்ந்த பேக்கேஜுக்கு ஏஜெண்டிடம் மொத்தமாகச் செலுத்துகிறார்கள். விடுதி ஏஜெண்டைக் காட்டுவதும் ஏஜெண்ட் விடுதியைக் காட்டுவதும் இங்கே வாடிக்கை. பணம் கட்டியவர் மட்டுமன்றி அவர் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், விடுதியையும் ஏஜெண்டையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. தீவு நிர்வாகம் நடத்தும் விருந்தினர் இல்லங்களும் விலக்குப் பெற்றவை அல்ல. கட்டணம் பெற்றுச் சேவை தரும் அரசு அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்பது 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கிலேயே உறுதியாகிவிட்டது.

புயலால் கப்பல் ஓடாமல் அறைக்கே வந்துசேர முடியாமல் போவது வேறு வகை. 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக வளர்ந்த தாழ்வழுத்தத்தின்போது ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. இத்தகைய நேரத்தில் அறையைத் தயாராக வைத்திருந்த விடுதியிடம் குறைபாடு காண முடியாது. முன்பதிவு நிபந்தனைகளும், தேதியை மாற்றித் தரும் நல்லெண்ணமுமே அங்கே துணை.

கேட்டும் பணம் வராதபோது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் செலவில்லாத முதற்படி. கிரெடிட் கார்டில் செலுத்தியவர், விவரித்தபடி சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டித் தம் வங்கியிடமும் முறையிடலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய சலுகை, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது. தஞ்சாவூர்க்காரர் இதற்காக மீண்டும் கடல் தாண்ட வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையத்திலேயே மனுவைப் பதிவுசெய்யலாம், போதிய காரணம் காட்டினால் காணொலி வழியாக விசாரணைக்கும் அனுமதி கிடைக்கக்கூடும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு. தங்காத இரவுகளின் வாடகை, அதன்மீது செலுத்திய ஜி.எஸ்.டி., அவசரமாக எடுத்த மாற்று அறைக்கான கூடுதல் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டுக் கேட்க வேண்டும். தங்கிய இரவின் வாடகையையும் சேர்த்துக் கேட்பது, அந்த இரவு உண்மையில் தூங்கவே முடியாததாக இருந்தாலன்றி, மனுவின் நம்பகத்தன்மையைக் குறைக்கும். விடுதியார் இடையில் ஒரு பகுதித் தொகையைக் கொடுத்து ரசீது கேட்டால், முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாக அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சிய தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கைப்பட எழுதிய பின்னரே கையெழுத்திட வேண்டும்.