தீபாவளி கழிந்து ஐரோப்பா (தொடர் – 6)

சென்ற வாரம் கோடை விடுமுறைக் கணக்கைப் பார்த்தோம். அது சிவகாசிக்கு உதவாது. சித்திரை வெயிலில் ஊரே வேலையில் மூழ்கியிருக்கும். பட்டாசு மருந்து காய வெயில் வேண்டும், தீபாவளிச் சரக்கு சேர வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு, அப்பாவுக்கு லீவு இல்லை. பயர் ஆபீஸ் முதலாளிக்கும், ஏஜென்டுக்கும், லாரி புக்கிங்காரருக்கும் மூச்சு விட நேரம் கிடைப்பது தீபாவளி கழிந்துதான். கணக்கு முடித்து, பூஜை போட்டு ஆலையை மறுபடி திறக்கும் வரை உள்ள இடைவெளி அது. அச்சகக்காரர் கதை வேறு. ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து மார்கழி வரை அவர் தலை நிமிர முடியாது. தை பிறந்த பிறகே பெட்டி கட்டலாம். அண்ணன் பட்டாசு, தம்பி அச்சகம் என்றால் இரண்டு குடும்பமும் சேர்ந்து போவது நடக்காத காரியம்.

பட்டாசுக்காரரின் ஐரோப்பா, ஆகவே, நவம்பர் ஐரோப்பா. கையேடுகள் வேண்டாம் என்று சொல்லும் மாதம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கூட்டம் இருக்காது, அறை வாடகை இறங்கும். ஆனால் தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பயணமே மாறும். 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த வாரம் கிளம்பியவருக்கு இலையுதிர்காலத்தின் நிறம் மிச்சம் இருந்திருக்கும். 2026-இல் நவம்பர் 8. பகல் சுருங்கியிருக்கும், நவம்பர் நடுவில் தெற்கு சுவீடனில் மாலை நாலு மணி வாக்கில் சூரியன் போய்விடும். அதற்கு ஈடாக, பயணத்தைக் கடைசி வாரம் வரை நீட்டினால் ஜெர்மன் நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகள் திறக்கும். ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

எந்த ஊர்களுக்குப் போவது? டூர் கம்பெனி பாரிஸ், சுவிஸ், ரோம் என்று மூன்று பெயரை நீட்டும். போகட்டும், அவையும் நல்ல ஊர்கள்தான். ஆனால் சிவகாசிக்காரருக்கென்றே ஒரு பாதை ஐரோப்பாவில் இருக்கிறது. அதை யாரும் பேக்கேஜாக விற்பதில்லை.

முதல் ஊர் ஹைடல்பர்க். நம் அச்சகங்களில் அந்தப் பெயர் பொறித்த மெஷின் பக்கத்தில் நின்று வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பலருக்கு அது ஒரு ஊர் என்பது தெரியாது. நெக்கார் ஆற்றங்கரையில் பழைய கோட்டையும் பல்கலைக்கழகமும் உள்ள அழகான ஊர். 1896-இல் அந்த மெஷின் கம்பெனி இங்கே குடிவந்தது. இப்போது பெரிய தொழிற்சாலை பக்கத்து வீஸ்லோக்கில் இருக்கிறது. அங்கே சும்மா போய் நின்றால் விடமாட்டார்கள். உங்களுக்கு மெஷின் விற்ற டீலர் மூலம் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது மூனிக். 1796-இல் அலாய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகக்காரர், தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சடிக்க வழி தேடிக் கண்டுபிடித்தது லித்தோ எனும் கல்லச்சு. எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மைதான் அதன் அஸ்திவாரம். இன்றைய ஆஃப்செட்டும் அதே உண்மையில்தான் ஓடுகிறது. தீப்பெட்டி லேபிளும் சாமிப் படக் காலண்டரும் அவருக்குக் கடன்பட்டவை. அவர் கல்லறை மூனிக்கின் பழைய தெற்கு இடுகாட்டில் இருக்கிறது. லித்தோவுக்கு உகந்த கல்லோ அங்கிருந்து வடக்கே, ஆல்ட்மூல் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சோல்ன்ஹோஃபென் என்ற சின்ன ஊரில் வெட்டப்பட்டது. ஆதிப் பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸின் புதைபடிவம் வெளிப்பட்டதும் அந்தப் பகுதிப் பாறையில்தான். பிள்ளைகளுக்கு அது போதும். ஊர் அருங்காட்சியகம் குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

கடைசி ஊர் சுவீடனில் உள்ள யோன்ஷோபிங். நம்மூர்ப் பெரியவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை ஊரறிந்தது. அவர்கள் கற்ற தொழிலின் இன்னொரு கிளை இந்த ஏரிக்கரை ஊர். பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசும் யோசனைக்கு 1844-இல் குஸ்தாஃப் எரிக் பாஷ் காப்புரிமை வாங்கினார். அதை வியாபாரமாக்கியவர்கள் இந்த ஊர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். 1923-இல் இந்தியாவுக்கு வந்து விம்கோ என்ற பெயரில் நம் தீப்பெட்டி ஆபீஸ்களோடு மல்லுக்கட்டியதும் சுவீடன் மூலதனம்தான். 1848-இல் கட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடம் இன்று தீப்பெட்டி அருங்காட்சியகம். சாத்தூரிலோ சிவகாசியிலோ இப்படி ஒன்று இதுவரை இல்லை என்பது எனக்கு ஆறாத குறை.

இனி ரயிலா, காரா. பெரிய ஊருக்குப் பெரிய ஊர் ரயில். சோல்ன்ஹோஃபென் பள்ளத்தாக்குக்கு மட்டும் கார். பிராங்க்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம். மான்ஹைமில் மாறினால் ஹைடல்பர்க். பிறகு மூனிக், அங்கிருந்து ஹாம்பர்க்குக்கு அதிவேக ரயிலில் சுமார் ஆறு மணி நேரம். ஹாம்பர்க், கோபன்ஹேகன், கடல்மேல் பாலம் தாண்டி மால்மோ, நாஷோ, அங்கே சின்ன ரயிலுக்கு மாறி யோன்ஷோபிங். திரும்பும் விமானத்தைக் கோபன்ஹேகனிலிருந்து போட்டுவிட்டால் மீண்டும் பிராங்க்பர்ட்டுக்கு ஓட வேண்டாம்.

ஐரோப்பிய ரயில் என்றால் நொடி தவறாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. சுவிட்சர்லாந்துக்கு அது பொருந்தும். ஜெர்மனியில் 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 62 மட்டுமே நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதத்தை மன்னித்துவிட்டு. பத்து நிமிட இடைவெளியில் ரயில் மாறும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரம் விடுங்கள். தேதி உறுதியாக இருந்தால் யூரெயில் பாஸ் வேண்டியதில்லை. முன்கூட்டி எடுக்கும் தனி டிக்கெட் பெரும்பாலும் மலிவு. ஜெர்மன் நெடுந்தூர ரயில்களில் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசம், டிக்கெட் எடுக்கும்போதே பதிய வேண்டும்.

சோல்ன்ஹோஃபென் போகும் காரை வழியில் உள்ள இங்கோல்ஸ்டாட்டில் எடுத்து அங்கேயே விடுங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் கட்டணம் வயிற்றைக் கலக்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், போவது வலப்பக்கம், இதில் கியரும் சேர வேண்டாம். கிராமத்துக்குள் 50 கிலோமீட்டர்தான், கேமரா இருக்கும், அபராதம் ஊருக்குத் திரும்பிய பிறகும் தேடி வரும். வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அப்பா பெயரில் கார்டு, ஓட்டுவது மகன் என்றால் சாவி கிடைக்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும்.

விசா விஷயத்தில் மூன்றே செய்தி. அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் அது ஜெர்மனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புரட்டாசியில் ஒரு நாளும் உங்களால் நகர முடியாது. எனவே ஆனியிலேயே ஓர் இரவு பொதிகை ரயிலில் ஏறிச் சென்னை போய்க் கைரேகை கொடுத்துவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

பெட்டி கட்டுவதில் நம் ஊருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. விமான நிலையங்களில் ஒரு துணியால் பையையும் கையையும் துடைத்து மெஷினில் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள் இருந்தால் அது கத்தும். பட்டாசில் சேரும் நைட்ரேட்டும் பெர்குளோரேட்டும் அந்த மெஷின்கள் தேடும் பொருள்களே. ஆலை அறையில் கிடந்த பை, குடோனுக்குப் போட்டுப்போன செருப்பு இரண்டும் வீட்டில் இருக்கட்டும். புதுப் பெட்டி வாங்கினால் அதை ஆபீஸில் வைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் தடைதான்: வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளையும் இறைச்சிப் பொருளையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய்யும் அதில் சேரும். பருப்புப் பொடி போகும், நல்லெண்ணெய் போகும். பால்கோவாவை விமான நிலையம் போகிற வழியிலேயே காலி செய்துவிடுங்கள்.

அடுத்த வாரம், தையில் கிளம்பும் அச்சகக்காரர்களின் கணக்கு.