பழைய மடிக்கணினியும் எஸ்எஸ்டியும்

பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த மடிக்கணினி மந்தமாகிவிட்டால், அதன் செயலிக்கு வயதாகிவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவு செய்கின்றனர். ஆனால் அன்றாட வேலைகளில் செயலி பெரும்பொழுதும் காத்துக்கிடக்கிறது என்பதும், அதைக் காக்கவைப்பது ஹார்டு டிஸ்க் என்பதும் சற்று ஆராய்ந்தால் புலப்படும். மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி, அதாவது வினாடியின் ஆயிரத்தில் 11 பங்கு, ஆகிறது. தரவைப் படிக்கும் முனை முதலில் உரிய தடத்துக்கு நகர்ந்து, பின்னர் வேண்டிய இடம் சுழன்று தன் கீழ் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருப்பதால், எவ்வளவு சிறிய கோப்பானாலும் அதை எட்டுவதற்கே சுமார் 15 மில்லிவினாடி கழிந்துவிடுகிறது. விண்டோஸ் தொடங்கும்போது இத்தகைய சிறு வாசிப்புகள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன.

எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவுமில்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்காவின் குழு 1987-இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைத் தேக்கி, மின்சாரம் நின்ற பின்னும் தரவைக் காக்கும் இந்நினைவகத்தில் எந்த இடத்தையும் 0.1 மில்லிவினாடி அளவில் எட்டிவிடலாம். பழைய கணினி பெறும் புத்துயிர் முழுவதும் இந்த நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டிலிருந்தே வருகிறது. விற்பனைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் ‘வினாடிக்கு இத்தனை மெகாபைட்’ என்ற கணக்கோ, பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக நகலெடுக்கும்போதுதான் பொருள்படும். ஆதலால் அக்கணக்கை நம்பி வாங்குவதைவிட, கணினியில் பொருந்துவது எது என்று பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

2012-இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வினாடிக்கு 6 கிகாபிட் வரை கடத்தும் சேட்டா 3 இணைப்பு அதில் உள்ளது. நடைமுறையில் இது வினாடிக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த சேட்டா எஸ்எஸ்டியும் அந்த வரம்பைத் தாண்டாது. டிஸ்க்குக்கான அறை 7 மில்லிமீட்டர் தடிமனுக்கே இடம் தருகிறது. கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அறையின் மூடியைப் பிடித்திருக்கும் ஒரே திருகை அடிப்புறத்தில் கழற்றினால், இருபுறமும் ரப்பர் பட்டை மாட்டிய டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். அப்பட்டைகளை எஸ்எஸ்டிக்கு மாற்றி, இணைப்பு அழுந்தப் பொருந்தும்வரை உள்ளே தள்ளினால் போதும்.

சற்றே பிந்தைய கணினிகளில் எஸ்எஸ்டி எம்.2 என்னும் 22 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பலகையாக இடம்பெறுகிறது. ஏமாற்றம் மிகுதியாக நேர்வது இங்கேதான். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இப்பலகைகளில் சிலவே சேட்டா வழியில் இயங்குபவை. மற்றவை என்விஎம்இ என்ற வேறொரு நெறிமுறையைப் பின்பற்றுபவை. சேட்டாவை மட்டுமே அறிந்த பொருத்துவாயில் என்விஎம்இ பலகை இயங்கவே இயங்காது என்பதால், கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு அதன் கையேட்டைப் பார்த்தறியாமல் பணம் கொடுக்கலாகாது.

தரவை மாற்ற, எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, க்ளோன்சில்லா போன்ற மென்பொருளால் பழைய டிஸ்க்கை அப்படியே படியெடுக்கலாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அவ்வசதியை முன்னதாக நிறுத்திவைத்து, மீட்புக் குறியீட்டை வேறிடத்தில் எழுதிவைக்க வேண்டும். எனினும், பல ஆண்டு மென்பொருள் குப்பை சேர்ந்த கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே மேல். அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்கு உணர்த்தும் ட்ரிம் கட்டளை 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே உள்ளது. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக்கை ஹார்டு டிஸ்க்குக்குச் செய்ததுபோல் எஸ்எஸ்டிக்குச் செய்யத் தேவையில்லை.

ரேம் 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில், பல பிரௌசர் பக்கங்களை ஒருசேரத் திறக்கும்போது நெருக்கடி தொடரத்தான் செய்யும். இயன்றால் அதையும் 8 ஜிபியாக உயர்த்துவது நல்லது. ஹார்டு டிஸ்க் பழுதாகும்முன் பலவேளை ஓசை எழுப்பி எச்சரிக்கும். எஸ்எஸ்டி எவ்வித அறிகுறியுமின்றி நின்றுவிடக்கூடும். எனவே கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதை ஒரு யுஎஸ்பி உறையில் பொருத்தி, குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இரண்டாம் படி வைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாம்.