உடுவில் சபையின் பியூரிட்டன் முன்னோர்

இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகித் தனிச்சபை நடத்தியதற்காக லண்டனில் சிறையிருந்த போதகர் ஜோன் லோத்ரொப், 1634இல் மாசச்சூசெட்ஸ் போய்ச் சேர்ந்தார். யார் எப்போது சபையில் சேர்ந்தார், யார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவர் எழுதிவைத்த பதிவேட்டின் பிரதி, அமெரிக்காவில் பூட்டன் முப்பாட்டனைத் தேடுபவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

அவர் வம்சத்தில் 1796இல் கனெக்டிகட்டின் நோர்விச்சில் பிறந்தவர் ஹேரியட் லத்ரொப். மிஷனரி மைரன் வின்ஸ்லோவை மணந்து 1820இல் யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்தார். 1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். 1833இல் உடுவிலிலேயே காலமானார். இவருடைய மகளின் பேரன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். வாஷிங்டனில் டலஸ் விமான நிலையத்தில் இறங்கும் உடுவிலார் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

லோத்ரொப் போன்ற பியூரிட்டன்களின் சபையில் பிறப்பால் மட்டும் அங்கத்துவம் கிடையாது. மனம் மாறிய கதையைச் சபையார் முன் சொல்லி, அவர்கள் ஏற்க வேண்டும். அந்த வழக்கத்தோடுதான் அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தது. அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கும் உரித்துக்கும் ஞானஸ்நானம் உதவியது. பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் திருநீறு பூசியவர்கள் ஏராளம். ஒல்லாந்தரின் காணிப் பதிவேடான தோம்பில் பூட்டனார் பெயர் இருந்தால் அவருக்கு எங்கே காணி இருந்தது என்று தெரியும், என்ன நம்பினார் என்று தெரியாது. அமெரிக்கரின் சபை இடாப்பு இதற்கு நேரெதிர். வேதத்தை மனப்பாடமாய் ஒப்பித்து, ஞாயிறு தவறாமல் வந்தவர்கூட அதில் இல்லாமற் போகலாம். விசாரித்துத்தான் சேர்த்தார்கள்; கோயிற் சடங்கில் கலந்துகொண்டவரை நிறுத்திவைத்தார்கள், விலக்கவும் செய்தார்கள். குடும்பமாக அன்றி ஆள் ஆளாகப் பதிந்த ஏடு அது. இத்தனை கெடுபிடி இருந்ததால்தான் அதில் அகப்படும் ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு என்பேன்.

இந்த இடாப்புகளில் முன்னோரைத் தேடுபவருக்குத் தலையிடி பெயர்தான். மிஷன் பாடசாலையில் படிப்புச் செலவு தந்த அமெரிக்கக் கொடையாளி விரும்பிய பெயரை அன்று பிள்ளைக்கு இட்டுவிடுவார்கள். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும், இருவரும் தமிழர். மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளைக்கு வட்டுக்கோட்டையில் கிடைத்த பெயர் சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி. பின்னாளில் அவர் சைவரானார். மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் போதகரானார். தகப்பன் பெயரை வைத்து மகனின் மதத்தைக் கணிக்கப் போனால் இப்படித்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

பொஸ்டனிலிருந்து வெளிவந்த மிஷனரி ஹெரால்ட் இதழின் நன்கொடைப் பட்டியல் இங்கே கைகொடுக்கும். இலங்கையில் இன்ன பெயருள்ள பிள்ளைக்கென்று எந்த ஊர்ச் சபை பணம் அனுப்பியது என்பது அதில் உண்டு. மிஷனரிமாரின் கடிதங்கள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பெண்வழித் தேடுபவர் உடுவில் மாணவிகளின் திருமணங்களையும் பார்க்க வேண்டும்: கிறிஸ்தவரை மணப்பவளுக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்த காலமொன்று இருந்தது. மணமான பின் அவள் கணவன் ஊர்ச் சபைக்கு மாறியிருப்பாள். ஆகவே உடுவில் இடாப்போடு தேடலை நிறுத்தாமல் வட்டுக்கோட்டை, மானிப்பாய், சாவகச்சேரி என்று அடுத்த இடாப்புகளையும் புரட்டுங்கள்.