பழைய அம்பாசிடரும் புதிய யந்திரமும்

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அச்சாகக் கொண்டு 1957-இல் பிறந்து, முகப்பும் விளக்கும் அவ்வப்போது மாறினாலும் ஆகிருதி மாறாமல் 2014 வரை வெளிவந்துகொண்டிருந்த அம்பாசிடர் காரின் மீது பிரேமை தீராதவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். என் சிற்றப்பா அவர்களில் ஒருவர். 1968-இல் பதிவான தம் காரின் 1489 சி.சி. பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு, அங்கே இசுசு யந்திரம் ஒன்றைப் பூட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அபிலாஷை.

அதில் விபரீதம் ஒன்றும் இல்லை. நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பின் மலைப்பாதையில் அந்தப் பழைய யந்திரம் படும் பாட்டை அறிந்துதான், தொழிற்சாலையாரே 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசுவின் 1817 சி.சி. யந்திரத்தை ஐந்து கியர்ப் பெட்டியோடு இதே உடலில் வைத்து விற்றார்கள். ஆகவே இது கிட்டத்து உறவில் முடிகிற சம்பந்தம். ஆனாலும் ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர்க் கம்பி தரைக்கு இறங்க வேண்டும்; யந்திரம் உட்காரும் பிடிகளை மாற்றிப் பற்றவைக்க வேண்டும்; புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் திருத்த வேண்டும்.

காரைப் பார்க்க வந்த வயதான மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன் மட்கார்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது.

"சார், இஞ்சின் கெடக்கட்டும். கைய எடுத்தப்புறமும் ஆடுது பாருங்க. இதுல வேகம் வேறயா?" என்றார்.

ஒரு தரம் எழுந்து உடனே அடங்குவதே ஆரோக்கியமான காரின் லட்சணம். அம்பாசிடரின் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று. ஒரு முனை உடலடியில் இறுகப் பிணைக்கப்பட்டு, மறுமுனை சக்கரத்தின் கையோடு சேர்ந்து, சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் முறுக்கேறித் திரும்பும் நீண்ட எஃகுத் தண்டு அது. பின்புறத்தில் அச்சைச் சுமப்பவை அடுக்கடுக்கான வில்பட்டைகள். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அது தளர்ந்துவிட்டால் வில் எவ்வளவு நன்றாயிருந்தும் பிரயோஜனம் இல்லை. பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு: யந்திரத்தின் பலம் கூடக்கூட, சக்கரத்தைச் சுழற்றும் அதே முறுக்கு அச்சையும் எதிர்த்திசையில் திருகப் பார்ப்பதால், நாட்பட்டு நொந்த பட்டைகள் எஸ் எழுத்தைப் போல வளைந்து, வேகமெடுக்கும் தருணத்தில் பின்சக்கரங்களைத் தரையில் தத்தவிடுகின்றன. வண்டிக்கு வலு கூட்ட நினைப்பவர் முதலில் பட்டைகளையும் புஷ்களையும் மாற்றியாக வேண்டியது இதனால்தான்.

பிரேக்கின் சங்கதியும் அப்படியே. 60 கி.மீ. வேகத்தில் போன கார் 90-இல் போனால், அதை நிறுத்த அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கோடு அதற்குத் துணிவது, என் அபிப்பிராயத்தில், சாகசம் அன்று, அசட்டுத்தனம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. யந்திர எண் பதிவுச் சான்றிதழில் ஏறியிருப்பதால், போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றி அதை மாற்றுவதற்கில்லை. தவிர, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் எனத் தனியே பதிவதற்கு 2021-இல் வந்த மத்திய விதி, உடற்கூட்டிலோ யந்திரத்திலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதியை அளிப்பதில்லை. இதைக் கேட்டதும் சிற்றப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாம் புதிதாயின. யந்திரத்துக்கு ரீபோர் மட்டும் செய்துகொண்டார். மட்கார்டை அழுத்தினால் இப்போது ஒரு தரம் எழுந்து நின்றுவிடுகிறது. கோத்தகிரி ஏற்றத்தில் மட்டும் கார் முன்போலவே இரண்டாம் கியரில்தான் போகிறது.